நோர்வேயில் ஒரு வாளி பியர், பளையில் ஒரு முட்டி கள்ளு

"அப்ப பொலிஸ் பிடிக்கிறதில்லையோ?"

பளையில் ஒரு பனையடியில் நின்றுகொண்டு அந்த மனிதர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்கு 62 வயது. 16 வயதில் மரம் ஏறத் தொடங்கியவர். இடம்பெயர்ந்து திரிந்த காலங்களைத் தவிர மற்றெல்லா ஆண்டுகளிலும் சீவல் தொழிலைத்தான் செய்திருக்கிறார். நோர்வேயில் இருக்கும் என்னுடைய மச்சான் தன் வீட்டுக் கராஜில் 20 லீற்றர் பியர் போடுகிறான் என்றும், அதற்காக அவன் எந்தக் கந்தோர் வாசலிலும் நிற்கத் தேவையில்லை என்றும் நான் சொன்னேன். அதைக் கேட்டதும் அவருக்கு முதலில் வந்த சந்தேகம் பொலிஸைப் பற்றியது.

"இல்லை அண்ணை, பிடிக்கிறதில்லை. விக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அங்க அது தொழில் இல்லை, பொழுதுபோக்கு" என்றார்.

ஒரு மனிதன் தன் வீட்டில் நொதிக்க வைக்கும் பானம் ஒரு நாட்டில் பொழுதுபோக்காகவும், இன்னொரு நாட்டில் குற்றமாகவும், அதே நாட்டில் சிலருடைய பிறப்போடு ஒட்டிய இழிவாகவும் எப்படி மாறுகிறது? வடக்கில் மதுபானசாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியிருக்கும் இந்தக் காலத்தில் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கராஜைப் பற்றிச் சொல்கிறேன்.

என் மச்சான் 1987இல் நோர்வேக்குப் போனவன். அந்த நாட்களில் போன பல தமிழர்களைப் போலவே அவனும் வட நோர்வேயில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் நின்றான். பிறகு பேர்கன் நகரத்துக்கு வந்து பஸ் ஓட்டுகிறான். அவனுடைய நோர்வேஜிய அயலவர் ஒருவர்தான் பியர் போடப் பழக்கியவர். கடந்த கோடையில் நான் அங்கு போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை முழுவதும் அவனுக்கு உதவியாளாக நின்றேன்.

அவன் போடுவது வெளிறிய பொன்னிறப் பியர். குடித்து முடித்ததும் நாக்கில் இனிப்பு மிஞ்சாது. கசப்பு வந்து துப்பரவாக ஓய்ந்துவிடும். மூக்கில் ஹொப்ஸ் பூவின் வாசம் நிற்கும். இதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது நாலரைக் கிலோ பில்ஸ்னர் மோல்ட். அது முளைக்கவைத்து உலர்த்திய பார்லி. அதைக் குருணையாக உடைத்து 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டான். முளைத்த தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. சூடு 70ஐ நெருங்கினால் மதுவத்தால் தின்ன முடியாத சீனிகள் கூடிவிடும். பியர் கனத்துப் போகும். வரட்சியான, சுத்தமான முடிவு வேண்டுமென்றால் சூட்டை 65க்குப் பக்கத்தில் பிடித்து வைக்க வேண்டும். அவன் வெப்பமானியைப் பார்த்தபடியே நின்றான்.

பிறகு சாற்றை வடித்தெடுத்து, எங்கள் கோயில் அன்னதானக் கிடாரம் மாதிரியான ஒரு பாத்திரத்தில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டான். கொதி தொடங்கும்போது 25 கிராம் ஹொப்ஸ் போட்டான். அடுப்பை நிறுத்தும் நேரத்தில் இன்னும் 60 கிராம். முதலில் போடுவது கசப்புக்கு. நீண்ட நேரம் கொதித்தால்தான் ஹொப்ஸின் பிசினிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பாகக் கரையும். கடைசியில் போடுவது வாசத்துக்கு. கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும்.

ஆறவைத்த சாற்றைக் கிருமி நீக்கிய ஒரு மூடி வாளிக்குள் ஊற்றி, மதுவத்தைப் போட்டு மூடினான். ஒரு கிழமையில் நொதித்தல் முடிந்தது. லீற்றருக்கு 6 கிராம் சீனி சேர்த்துப் போத்தலில் அடைத்தான். இரண்டு கிழமை கழித்துத் திறக்கும்போது நுரை தானாக வரும். மதுசாரம் ஏறக்குறைய 5 வீதம்.

அவன் போட்ட மதுவத்துக்கு ஒரு கதை இருக்கிறது. செக் நாட்டின் பில்சன் நகரத்தில் 1842இல் பிறந்த பொன்னிறப் பியருக்குக் குளிர் வேண்டும். 10 பாகையை அண்டிய குளிரில் நொதித்து, பிறகு கிழமைக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டும். ஆனால், மேற்கு நோர்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டுவந்த 'க்வெய்க்' என்ற மதுவம் 30 பாகைக்கு மேலும் நன்றாக வேலை செய்கிறது. சில வகைகள் 40 பாகை வரைக்கும் தாங்கும். அந்தப் பண்ணைக் குடும்பங்கள் மதுவத்தை மர வளையங்களில் தோய்த்து உலர்த்தி, அடுத்த தடவைக்கு வைத்திருந்தன. ஒரு வீட்டில் அது பழுதானால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினார்கள். தொழிற்சாலைப் பியர் வந்த பிறகு இந்தப் பழக்கம் அழியும் நிலைக்கு வந்தது. லார்ஸ் மாரியஸ் கார்ஷொல் போன்றவர்கள் கிராமம் கிராமமாகப் போய் அதைப் பதிவு செய்தார்கள். இன்று க்வெய்க் உலகம் முழுவதும் விற்பனையாகிறது.

யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பொருந்தக்கூடிய ஒரு மதுவம் பனி கொட்டும் மலைக் கிராமங்களில் இருந்திருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் படிப்பறிவு குறைந்த பண்ணைக்காரர் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்கள்தான். இன்று அவர்களுடைய அறிவு நோர்வேயின் பண்பாட்டுச் சொத்து.

மச்சான் வாளியை மூடிவிட்டுச் சொன்னான்: "மச்சான், இதில பெரிய வித்தை ஒண்டும் இல்லை. எங்கட முட்டிக்குள்ள நடக்கிறதுதான் இஞ்ச வாளிக்குள்ள நடக்குது. ஆனா முட்டிக்காரனை நாங்கள் வீட்டுக்குள்ள விட்டனாங்களோ?"

அவன் சொன்னது சரி. பாளையைச் சீவிக் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாவிட்டால் கள்ளு. முட்டியில் முந்தைய நாளில் ஒட்டியிருந்த மதுவமும் காற்றிலும் பாளையிலும் இருக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சாற்றை நொதிக்க வைக்கின்றன. பழைய முட்டிதான் நோர்வேக்காரனின் மர வளையம். கள்ளின் மதுசாரமும் ஏறக்குறைய 5 வீதம்தான்.

ஆனால், இரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹொப்ஸ் பியரைக் கசப்பாக்குவது மட்டுமல்ல, அதைப் புளிக்கவைக்கும் பற்றீரியாக்களையும் தடுக்கிறது. அதனால்தான் மத்திய காலத்தில் ஜேர்மன் நகரங்களின் பியரை ஹன்சா வணிகர்களால் கப்பலேற்றிப் பேர்கன் துறைமுகம் வரை கொண்டுவர முடிந்தது. தாங்கி நிற்கும் பானம் தூரம் போகும். தூரம் போகும் பானத்துக்கு ஆலை வரும், முதலாளி வருவான், விளம்பரம் வரும். கள்ளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் புளிக்கத் தொடங்கும். அடுத்த நாள் வினாகிரியை நோக்கிப் போகும். ஆகவே சீவல் தொழிலாளி அன்றைக்கே, பக்கத்திலேயே, கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டும். விலை பேசும் சக்தி அவர் கையில் இல்லை. போத்தலில் அடைத்துச் சூடாக்கிப் பதப்படுத்தினால் கள்ளும் கடல் கடக்கும்; கடந்தும் இருக்கிறது. ஆனால், அந்த இயந்திரம் மரம் ஏறுபவரிடம் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். பியர், கள்ளு, கசிப்பு ஆகிய மூன்றையும் அடுப்பை வைத்துப் பிரிக்கலாம். பியரில் அடுப்பு முதலில் எரிகிறது. நொதித்தல் பிறகு நடக்கிறது. கள்ளில் அடுப்பே இல்லை. கசிப்பில் நொதித்தல் முதலில் நடக்கிறது; அடுப்பு கடைசியில் எரிகிறது. அந்தக் கடைசி அடுப்புத்தான் மதுசாரத்தைப் பல மடங்கு செறிவாக்குகிறது. கண்டதையும் கலப்பதற்கு இடம் கொடுப்பதும், கண்பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியதும் அந்தக் கட்டம்தான். முதல் இரண்டில் மதுவம் தன் கழிவிலேயே மயங்கி நின்றுவிடும். அதற்கு மேல் செறிவு ஏறாது. வீட்டில் போட்ட பியர் பிழைத்தால் புளிக்கும், அல்லது போத்தல் வெடிக்கும். கசிப்புப் பிழைத்தால் செத்தவீடு.

நோர்வேயின் சட்டம் இந்த அடுப்பைப் பார்க்கிறது. வீட்டுத் தேவைக்குப் பியர் நொதிக்க வைக்கலாம். விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பது குற்றம். இதை வைத்து நோர்வே மதுவுக்கு இளகிய நாடு என்று நினைத்துவிடக் கூடாது. மதுபான விளம்பரத்தை அங்கே 1975இலேயே தடை செய்துவிட்டார்கள். 4.7 வீதத்துக்கு மேற்பட்ட பானங்களைக் குடிவகைக் கடைகளில் அரசின் 'வின்மொனோபோலெற்' மட்டுமே விற்கலாம். பலசரக்குக் கடையில் இரவு 8 மணிக்குப் பிறகு பியர் வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் எந்நேரமும் முடியாது. அந்த நாடு ஒரு காலத்தில் சாராயத்தை முற்றாகத் தடை செய்தும் பார்த்தது. கடத்தலும் கள்ளக் காய்ச்சலும் பெருகின. 1926இல் மக்களிடம் வாக்கெடுத்து, அடுத்த ஆண்டு தடையை விலக்கினார்கள். அந்தப் பாடத்திலிருந்துதான் இன்றைய ஒழுங்கு வந்தது. இன்னும் பின்னால் போனால், மேற்கு நோர்வேயின் மத்திய காலத்துக் குலாதிங் சட்டம் பண்டிகைக்குப் பியர் போடாத பண்ணைக்காரனுக்குத் தண்டம் விதித்தது. போடாததுதான் அங்கே குற்றமாக இருந்தது.

எங்களுடைய சட்டம் எங்கிருந்து வருகிறது? 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பிரித்தானிய ஆட்சி தன் வருமானத்துக்காகப் போட்ட சட்டம். பல தடவை திருத்தப்பட்டாலும் அதன் எலும்புக்கூடு அதேதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். கள்ளுக்காக மரம் சீவுவதும் அனுமதிக்குள் கொண்டுவரப்பட்ட தொழில். சட்டத்தின் கண் எப்போதும் வரியில்தான் இருந்தது. குடிப்பவனின் ஈரலோ, அவன் வீட்டின் அடுப்போ அதன் கணக்கில் இல்லை.

1972இல் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது கொஞ்சம் மாற்றம் ஏற்பட்டது. தவறணைகள் தனியார் கையிலிருந்து சீவல் தொழிலாளரின் சங்கங்களுக்கு மாறின. மரம் ஏறியவனுக்குச் சேமிப்பும் பிள்ளைக்குப் படிப்பும் கொஞ்சமாவது கிடைத்த காலம் அது. பிறகு போர் வந்தது. பனைகள் பங்கருக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டன. ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்ற வட்டுகளை எங்களில் யார் மறப்பார்கள்? காணிகள் உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் போயின. கண்ணிவெடி இருந்த வளவுக்குள் யார் முட்டி கட்டுவது?

போர் முடிந்த பிறகு மரங்கள் மெல்ல மெல்லத் திரும்ப வருகின்றன. ஏறுபவர்கள் வரவில்லை. பளை அண்ணையின் மூத்த மகன் பிரான்சில். இளையவன் கிளிநொச்சியில் ஒரு கடையில் நிற்கிறான். "மரத்தில கை வைக்காதை எண்டு நான்தான் சொன்னனான். பொம்பிளை கேட்டுப் போனா முதல் கேள்வி தேப்பன் என்ன தொழில் எண்டுதானே" என்றார். பனையைத் தமிழரின் அடையாளம் என்று மேடையில் பேசுகிறோம். இலச்சினையில் போடுகிறோம். அந்தப் பனையில் ஏறுபவரைச் சாதியின் பெயரால் திண்ணையோடு நிறுத்தியது கொழும்பு அல்ல, நாங்கள்தான். பேர்கனில் பியர் போடும் என் மச்சானை எல்லோரும் கலைஞன் என்கிறார்கள். அவனுடைய பியரை நண்பர்கள் படம் பிடித்து முகநூலில் போடுகிறார்கள். பளையில் அதே அறிவை உடைய ஒருவர் தன் மகனிடம் அதை ஒளிக்கிறார்.

இதற்கிடையில் மதுபானசாலைகள் வந்துவிட்டன. வடக்கில் புதிதாகக் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள் 2024இல் பெரிய அரசியல் பிரச்சினையாகின. அந்த ஆண்டு டிசம்பரில் பட்டியல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. யாருடைய சிபாரிசில் யாருக்குக் கிடைத்தது என்று எங்கள் கட்சிகள் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அந்தச் சண்டையில் ஒரு கேள்வி தொலைந்துபோனது. அந்தக் கடைகளில் விற்பது என்ன? சாராயமும், 8 வீதத்துக்கு மேல் போகும் 'ஸ்ட்ரோங்' பியரும். அந்தப் பியருக்கான மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வருகின்றன. இலாபம் தெற்குக்குப் போகிறது. வரி திறைசேரிக்குப் போகிறது. எங்கள் ஊருக்கு மிஞ்சுவது வெறும் போத்தலும் வீட்டுச் சண்டையும்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாராயத்தின் விலை கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போனது. அவன் குடியை விடவில்லை. கசிப்புக்குப் போனான். வன்னியில் கசிப்போடு பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்கள், நுண்கடன் கட்ட வழியில்லாதவர்கள். தண்டப் பணம் கட்டுவதற்காக மறுபடியும் அடுப்பு மூட்டுகிறார்கள்.

என்னோடு கிளிநொச்சியில் படித்த ஒருவன் இருந்தான். இறுதிப் போரில் ஒரு காலை இழந்தான். முகாமிலிருந்து வந்த பிறகு குடிக்கத் தொடங்கினான். கையில் காசு இருந்தால் சாராயம். இல்லாவிட்டால் கசிப்பு. 2017இல் ஈரல் பழுதாகி இறந்தான். எட்டுச் செலவுக்குப் போனபோது அவனுடைய மனைவி சொன்னா: "கள்ளோட நிண்டிருந்தா இண்டைக்கு இருந்திருப்பார்."

அது உண்மையா? எனக்குத் தெரியாது. துக்கத்தில் இருக்கும் ஒருவர் பிடித்துக்கொள்ளும் நம்பிக்கையாகவும் இருக்கலாம். கள்ளைக் குடித்தே குடும்பத்தை அழித்தவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். மதுசாரத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஆகவே கள்ளை மருந்து என்று நான் எழுத மாட்டேன். ஆனால், ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போத்தல் கள்ளில், அதாவது 750 மில்லிலீற்றரில், ஏறக்குறைய 37 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்தில் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கள்ளை முடிக்க ஒரு பின்னேரம் போகும். சாராயத்தைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். கசிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. குடியை ஒழிக்க முடியாத ஒரு சமூகம் எந்த முனையிலிருந்து குறைக்கத் தொடங்குவது? மெல்லிய பானத்தை இறுக்கி, கடுமையான பானத்துக்குக் கடை திறக்கும் எங்களுடைய ஒழுங்கு தலைகீழானது.

அயலிலும் இதே தலைகீழ்தான். தமிழகத்தில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. ஆனால், அங்கே சாராயக் கடையை அரசே நடத்துகிறது. கள்ளை மூடினால் குடி குறையும் என்பதற்கு அது சாட்சியாகவில்லை.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு வீட்டிலும் பியர் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நோர்வேயைப் பிரதி எடுக்கவும் முடியாது. ஆனால், மூன்று விடயங்களை எங்களுடைய அரசியல்வாதிகளிடம் கேட்கலாம்.

முதலாவது, சட்டம் நொதித்தலையும் காய்ச்சி வடித்தலையும் வேறாகப் பார்க்க வேண்டும். கள்ளுக்கு ஒரு தராசு, சாராயத்துக்கும் கசிப்புக்கும் இன்னொரு தராசு. இரண்டாவது, சீவல் தொழிலாளியின் சங்கம் சிறிய அளவில் தானே போத்தலில் அடைக்கவும், தரம் பார்க்கவும், நேரடியாக விற்கவும் வழி வேண்டும். மரம் ஏறுபவருக்குக் காப்புறுதி வேண்டும். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை எங்கள் ஊர்கள் அறியும். மூன்றாவது, புதிய மதுபானசாலைக்கு அனுமதி கொடுக்கும் முன் அந்த ஊரின் சம்மதம் கேட்கப்பட வேண்டும். அந்தக் கடைகள் தரும் வரியில் ஒரு பங்காவது குடியிலிருந்து மீள நினைப்பவர்களின் சிகிச்சைக்கு அதே மாவட்டத்தில் செலவிடப்பட வேண்டும். போரின் காயத்தை மறக்கக் குடிக்கும் ஒருவனுக்கு மதுவரி அதிகாரியைவிட உளவளத் துணையாளர்தான் தேவை.

நாலாவது ஒன்றும் இருக்கிறது. அதை எந்த நாடாளுமன்றமும் தராது. பனையை மதிப்பது போல அதில் ஏறுபவரையும் மதிக்க வேண்டும்.

பளையிலிருந்து வெளிக்கிடும்போது அண்ணை இன்னொன்று கேட்டார். பேர்கனில் ஒரு பியர் என்ன விலை? கடையில் உட்கார்ந்து குடித்தால் அரை லீற்றர் ஏறக்குறைய 100 குரோனர், எங்கள் காசில் 3,000 ரூபாய்க்குக் கிட்ட வரும் என்றேன். அவர் சிரித்தார். பிறகு தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பின்னேரச் சீவலுக்காக அடுத்த மரத்தில் ஏறினார். கீழே நின்று எண்ணிப் பார்த்தேன். அந்த வளவில் சீவக்கூடிய மரங்கள் இருபதுக்கு மேல் நின்றன. முட்டி கட்டியிருந்தது ஆறில் மட்டும்.

மீதி மரங்களில் இனி யார் ஏறுவது?